ஏழாண்டு முகவரி

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி தன் கப்பல்களோடு உறைந்து கிடக்கிறது.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
நாற்பத்திரண்டு கட்டில்கள்,
அவற்றுக்கு இரண்டு ஆள், ஒரு சாவிக்கொத்து,
காகிதங்களுக்கு நான்.

இரவுக் காவல் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார்
டெல்பர்ட் நீமெலா, வயது ஐம்பத்தேழு.
கண்ணாடித் தட்டில் விரலை வைக்கச் சொன்னேன்.
பச்சை வெளிச்சம் ஒருமுறை ஓடித் திரும்பியது:
ரேகை தெளிவில்லை.
துடைத்துவிட்டு மறுபடி.
களிம்பு தடவி மறுபடி.
"குளிர் தின்னுடுச்சு" என்றார்,
கடை பூட்டியிருக்கிறது என்று சொல்கிற குரலில்.
வலது கையில் மூன்று நுனிகள்
கரைந்த சோப்புக் கட்டி போல வழுவழுப்பு.
எந்தக் குளிர் என்று நான் கேட்கவில்லை.
கட்டில் தீர்ந்துவிட்டது என்று
அந்த இரவு கதவிடுக்கில் சொன்னது
என் வாய்தான்.

படிவத்தின் ஆறாம் கேள்வி:
கடந்த ஏழு ஆண்டு முகவரிகள், மாதம் விடாமல்.
அவர் எழுத்து பெரியது, கட்டத்துக்குள் அடங்காது.
அக்காள் வீட்டுக் கார் கொட்டகை, ப்ராக்டர்.
ப்யூக் கார், பின் இருக்கை
(வண்டி எண்ணையும் எழுதியிருந்தார்).
தானியக் கிடங்கின் பின்புறம், காற்று படாத பக்கம்.
பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு கோடு.
நடுவில் பேனா கொஞ்சம் நின்றிருக்கிறது,
மைப்பொட்டு.

எட்டாம் கேள்விக்கு, ஆம்.
பதினைந்து வருஷத்துக்கு முன், ஒரு கடையில்,
எரிவாயு சிலிண்டர் இரண்டு.
"ஒண்ணைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.
அதை எழுத இடமில்லை."

சட்டத்தை நான் ஏசமாட்டேன்.
ஒரு கோடையில் எங்களிடம் ஒருவன் வேலை பார்த்தான்.
பெயரைச் சொல்வதில்லை.
அவன் சான்றிதழ் பால் வெள்ளை.
ஒன்பதாம் கட்டில் பெண்
காலணியைக் கழற்றாமல் தூங்கத் தொடங்கியபோது
ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.
இன்று அவனைப் பற்றி அந்தக் காகிதம் பேசும்;
அன்று பேசவில்லை.
ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புகிறேன்,
நிரப்பியதோடு நிற்காமல்
காலணிகளையும் பார்க்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஆள் பற்றாக்குறை, சாவி என் இடுப்பில்.
பதில் இன்னும் வரவில்லை.
விதிப்படி டெல்பர்ட் இங்கே தூங்கலாம்,
விழித்திருக்கத்தான் அனுமதி இல்லை.
ஏட்டில் கையெழுத்திட்டார். பதினான்காம் கட்டில்,
கம்பளி ஒன்று, துண்டு ஒன்று.
விளக்கணைத்துச் சுற்றி வந்தபோது
உட்கார்ந்திருந்தார்,
காலணிகளைக் கீழே ஜோடியாக வைத்துவிட்டு,
யார் யார் இருமுகிறார்கள் என்று கணக்கெடுப்பவர் போல.
இரண்டே முக்காலுக்கு
இருபத்தாறாம் கட்டிலில் இருமல் நின்றது.
எழுந்து போனது அவர், நான் அல்ல.
கிழவர் புரண்டு படுத்திருந்தார், அவ்வளவுதான்.
நழுவிய கம்பளியை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.
அதுவும் விதிமீறல்.
இரவு அறிக்கையில் எழுதினேன்:
குறிப்பிடும்படி எதுவுமில்லை.

மார்ச்சில் செயிண்ட் பாலிலிருந்து கடிதம்.
இரண்டு ஆண்டுகளுக்கு முகவரி இல்லை,
ஆதாரம் இணைக்கவும்,
தவறினால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும்.

முகவரி.
விரலில் வரி அழிந்தவருக்கு
முகத்தில் ஏராளம் இருக்கிறது.
அதை நகலெடுக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை.

பழைய ஏடுகள் கொதிகலனுக்குப் பின்னால்
வாழைப்பழ அட்டைப்பெட்டியில்.
எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது.
நீமெலா, டெ., கட்டில் முப்பது.
நீமெலா, டெ., கட்டில் ஏழு.
மறுபடி ஏழு.
முந்நூற்றுப் பதினோரு இரவுகள்
என் கையெழுத்தில், என் தலைசாய்ந்த எழுத்துகளில்.
இத்தனை நாள் அவர் எங்கே வசித்தார் என்று
அரசாங்கம் கேட்டுக்கொண்டிருந்தது;
நான் பெட்டியின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தேன்.

ஜனவரி இருபத்திரண்டில் அவர் பெயர் இல்லை.
ஓரத்தில், பென்சிலில்:
இடமில்லை. மூன்று பேர்.

அந்தப் பக்கத்தையும் நகலெடுத்தேன்.
தாள் சூடாக வெளியே வந்தது.